டீச்சரைக் கேளுங்கள்: காரகோரத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு

லடாக்கின் வடக்கு ஓரத்தில், காரகோரம் மலைத்தொடரின் காலடியில் இருக்கிற நுப்ராப் பள்ளத்தாக்கைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: நான் தூத்துக்குடிக்காரி, முப்பத்தொரு வருஷம் பள்ளியில் புவியியல் நடத்தியவள், 2012 முதல் ஐந்து முறை அந்தப் பக்கம் போய் வந்திருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இந்த முறை முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஆபீசில் ஆறு நாள்தான் லீவு கிடைத்திருக்கிறது, டீச்சர். லே, கர்துங் லா கணவாய், நுப்ரா, பாங்காங் ஏரி, சோ மோரிரி ஏரி எல்லாம் பார்க்கிற மாதிரி ஒரு டிராவல்ஸில் பிளான் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் விமானத்தில் லேயில் இறங்குகிறோம், இரண்டாம் நாள் இரவு பாங்காங்கில் டென்ட். சரியாக வருமா?
*— ஒரு வாசகர், கும்பகோணம்*

சரியாக வராது தம்பி. அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

2012 ஜூலையில் நாங்கள் போனதும் கிட்டத்தட்ட இதே பிளான்தான். நான், என் அண்ணன், மதினி மூன்று பேர். லேயில் இறங்கிய அன்று எல்லோருக்கும் லேசான தலைவலி, அவ்வளவுதான். மறுநாள் காலை சாங் லா கணவாயை ஏறி இறங்கி, சாயங்காலம் பாங்காங் கரையில் ஸ்பாங்மிக் போய்ச் சேர்ந்தோம். ஏரியின் நீலத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று பேரும் டீ குடித்தோம். இரவு பத்து மணிக்கு மதினிக்கு வறட்டு இருமல் ஆரம்பித்தது. குளிர், அலுப்பு என்று நினைத்து ஒரு சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். இரண்டு மணிக்கு அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. முதுகில் காதை வைத்துக் கேட்டால், உலையில் சோறு வேகும்போது கஞ்சி தளதளக்குமே, அந்தச் சத்தம் வலது பக்கம் கேட்டது.

நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிற உயரநோய் அது. அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவது. ஆனால் பாங்காங்கிலிருந்து லே திரும்ப வேண்டுமென்றால் 5,300 மீட்டருக்கும் மேலே இருக்கிற சாங் லாவை மறுபடியும் ஏறித்தான் ஆக வேண்டும். இறங்க வேண்டிய ஆளுக்கு எதிரே ஏற்றம் நிற்கிறது. பிளான் போட்டவர் தாளில் இது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எங்கள் டிரைவர் லடாக்கிக்காரர், அவருக்குத் தெரிந்திருந்தது. இருட்டிலேயே வண்டியை எடுத்து, சுமார் 300 மீட்டர் தாழ்வில் இருக்கிற டாங்ட்சே ஊருக்குக் கொண்டு போனார். அங்கே ஆக்சிஜன் கொடுத்தார்கள். விடிந்த பிறகு சிலிண்டரோடு கணவாயைத் தாண்டி லே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான்கு நாள் கழித்து மதினி தானாக எழுந்து நடந்தார். இன்றைக்கு நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ராத்திரிச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

கும்பகோணம் கடல் மட்டத்திலிருந்து முப்பது மீட்டர்கூட இருக்காது. லே 3,500 மீட்டர். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். உயரம் கூடக் கூடக் குறைவது காற்றின் அழுத்தம். அதனால் லேயில் ஒரு மூச்சுக்கு நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் கிடைக்கும், கர்துங் லா உச்சியில் ஏறக்குறைய பாதிதான். உடம்பு இதற்குப் பழகும், அதைச் சந்தேகப்பட வேண்டாம். மூச்சு வேகமாகும், அதனால் ரத்தத்தில் மாறுகிற கார அமிலச் சமநிலையைச் சிறுநீரகம் சரிசெய்துகொள்ளும். ஆனால் அதற்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். காசு கொடுத்து அந்த நாளை வாங்க முடியாது.

ஆறு நாளில் நான் போகச் சொல்வது இப்படி. லேயில் முதல் இரண்டு நாள் தூக்கமும் கடைத்தெரு நடையும் மட்டும். அதிலும் முதல் நாள் மாடிப்படிகூட மெதுவாக ஏறுங்கள். மூன்றாம் நாள் சிந்துவும் சன்ஸ்காரும் கலக்கிற நிம்மு வரை, முடிந்தால் ஆல்ச்சி கோயில் வரை. இரண்டுமே லேயைவிடத் தாழ்வு. நான்காம் நாள் கர்துங் லா தாண்டி நுப்ரா. நுப்ராவின் திஸ்கித், ஹுந்தர் எல்லாம் 3,100 மீட்டர் அளவில்தான் இருக்கின்றன. கணவாய் உயரம், தூங்குகிற இடம் தாழ்வு, உடம்புக்கு இதுதான் தோது. ஐந்தாம் இரவும் அங்கேயே. ஆறாம் நாள் லே, மறுநாள் காலை விமானம். மேலே ஒரு நாள் லீவு கேட்டு வாங்குங்கள். பாங்காங்கும் சோ மோரிரியும் இன்னொரு வருஷம். கணவாய் உச்சியில் போட்டோ எடுத்துக்கொண்டு கால் மணி நேரத்தில் இறங்கிவிடுங்கள்.

பத்து நாள் கிடைத்தால் ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகச் சாலையில் போங்கள். 1,600 மீட்டரில் ஆரம்பித்து, 2,700 மீட்டர் அளவில் கார்கிலில் ஒரு இரவு தூங்கி, அப்புறம் லே. உடம்பு கேட்கிற ஏணி அது. மணாலி வழி அப்படியில்லை, நடுவில் தூங்குகிற சர்ச்சு 4,200 மீட்டருக்கு மேலே.

அம்மாவுக்கு 64 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். ஆனாலும் ஆசைப்படுகிறார். அழைத்துப் போகலாமா?
*— ஒரு வாசகி, ஈரோடு*

வயதை மட்டும் வைத்துத் தடுக்காதீர்கள் தங்கை. என்னோடு வந்தவர்களில் ரொம்பவும் சிரமப்பட்டவர் 26 வயதுப் பையன். இறங்கிய அன்றே சாந்தி ஸ்தூபியின் படிகளை ஓடி ஏறினான். பெரியவர்கள் மெதுவாக நடப்பதே அவர்களுக்குக் காப்பு.

பிபி கட்டுப்பாட்டில் இருந்தால் போகிறவர்கள் நிறைய. ஆனால் முதல் சில நாள் ரத்த அழுத்தம் அங்கே ஏறிக் காட்டலாம். அதனால் கருவியைக் கையோடு எடுத்துப் போங்கள், மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இதயத்தில் அண்மையில் சிகிச்சை, நாள்பட்ட நுரையீரல் நோய், கடுமையான ரத்தசோகை இருந்தால் டாக்டர் சம்மதிக்காமல் டிக்கெட் போடாதீர்கள். அம்மாவுக்கு என்று தனியாக ஒரு நாள் கூடுதலாக லேயில் வையுங்கள். சிந்து ஓரம் பாப்லர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதும் பயணம்தான்.

டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் ஓய்வு நாள் தேவையில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
*— ஒரு கல்லூரி மாணவர், திருச்சி*

இல்லை. உடம்பு தானாகச் செய்கிற வேலையை அந்த மாத்திரை கொஞ்சம் துரிதப்படுத்துகிறது, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்கிற அளவு காலை 125 மில்லிகிராம், இரவு 125 மில்லிகிராம், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. விரல் நுனியும் உதட்டோரமும் மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா குடித்தால் ருசி கெட்டிருக்கும். பயப்பட வேண்டியதில்லை. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் முதல் நாட்களில் தொடவே கூடாது. தூக்கத்தில் மூச்சு மந்தமாவதுதான் அங்கே ஆபத்து.

மாத்திரையைவிட முக்கியமாக ஒரு சோதனையை உங்கள் குழுவில் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். யாராவது குழறிப் பேசினாலோ, சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தாலோ, அவரைத் தரையில் ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரல்நுனியைத் தொட வேண்டும், அப்படிப் பத்து அடி. தள்ளாடினால் மூளையில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அந்த நிமிஷமே கீழே இறக்குங்கள். "காலையில் பார்க்கலாம்" என்ற பேச்சே கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் இதே விதிதான்.

பனிமலை பார்க்கப் போய்க் கல்மலை பார்த்துவிட்டு வந்தோம், டீச்சர். நுப்ரா முழுக்கப் பழுப்பு மண்ணும் மணல்மேடும்தான். நீங்கள் எழுதின பனியாறுகள் எங்கே இருக்கின்றன? ஏமாற்றமாக இருந்தது.
*— ஒரு வாசகி, விருதுநகர்*

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. இந்த ஏமாற்றம் எனக்கும் முதல் முறை வந்தது. வகுப்பில் பனியாறு என்று கரும்பலகையில் வெள்ளைச் சாக்பீஸால் எத்தனை வருஷம் வரைந்திருப்பேன்! நேரில் போனால் வெள்ளையே இல்லை.

பெயரிலேயே பதில் இருக்கிறது. காரகோரம் துருக்கிய மொழிச் சொல்: காரா என்றால் கருப்பு, கோரம் என்றால் சரளைக்கல். இன்றைய சீனாவில் இருக்கிற யார்க்கண்டுக்குச் சரக்கு கொண்டு போன வணிகக் கூட்டங்கள் 5,540 மீட்டர் உயரக் கணவாய் ஒன்றுக்கு வைத்த பெயர், பிறகு மலைத்தொடருக்கே ஆகிவிட்டது. ஹுந்தர் மணலில் நீங்கள் பார்த்த இரட்டைத் திமில் ஒட்டகங்கள் அந்த வணிகம் நின்றபோது இங்கே தங்கிப்போனவற்றின் வாரிசுகள்.

லேக்கு வருஷ மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். வறண்ட மாவட்டம் என்று பெயர் வாங்கிய தூத்துக்குடியிலேயே 600-க்கு மேல் பெய்கிறது. தெற்கிலிருந்து வருகிற மேகத்தை இமயத்தின் பெரிய சுவர் தடுத்துவிடுகிறது. அதனால் பள்ளத்தாக்கு பாலைவனமாக இருக்கிறது, ஐயாயிரம் மீட்டருக்கு மேலேதான் பனி சேர்கிறது. சேர்கிற பனியோ சாதாரணமில்லை. சியாச்சின் பனியாறு 76 கிலோமீட்டர், சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகிற தூரம். துருவப் பகுதிகளுக்கு வெளியே அதைவிட நீளமானது தஜிகிஸ்தானின் ஃபெட்சென்கோ ஒன்றுதான், அதுவும் மயிரிழையில். இவையெல்லாம் பக்கச் சுவர்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. கீழ்ப்பகுதியில் மலை உதிர்த்த கல் பனியை மூடிக்கொண்டிருப்பதால் பனியாற்றின் மேலேயே நின்றால்கூடச் சிலருக்குத் தெரியாது.

நீங்கள் பனியாற்றைப் பார்த்தும் இருக்கிறீர்கள், கையால் தொட்டும் இருப்பீர்கள். நுப்ரா ஆற்றுத் தண்ணீர் சிமென்ட் கரைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? பனமிக்கில் தங்கியபோது ஒரு கண்ணாடி டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு ஜன்னலோரம் வைத்தேன். விடிகாலையில் மேலே தண்ணீர் தெளிந்து, அடியில் மெல்லிய படலமாகச் சாம்பல் படிந்திருந்தது. தண்ணீரை இறுத்துவிட்டு அதை எடுத்து இரண்டு விரலில் தேய்த்தேன். மணல் மாதிரி நறநறக்கவில்லை. நயமான திருநீறு போல விரல் ரேகையில் ஒட்டிக்கொண்டது. சியாச்சின் தன் எடையால் பாறையை அரைத்த மாவு அது. கல்லில் கல்லை வைத்து இவ்வளவு பொடியாக அரைக்க நகர்கிற பனியால்தான் முடியும். அந்த விரலை நான் வெகுநேரம் கழுவவில்லை.

கண்ணால் வெள்ளையாகவே பார்க்க ஆசை என்றால் மூன்று வழி சொல்கிறேன். தில்லியிலிருந்து லேக்குக் காலை விமானத்தில் இடதுபக்க ஜன்னல். வானம் தெளிவாக இருந்தால் நுன், குன் இரட்டைச் சிகரங்களும் வழிகிற பனியாறுகளும் தெரியும். இரண்டாவது, கர்துங் லாவில் எல்லோரும் பெயர்ப்பலகையோடு போட்டோ எடுக்கும்போது நீங்கள் வடக்கே திரும்பி நில்லுங்கள். தொலைவில் வெள்ளையாக நிற்பது சாசர் காங்ரி கூட்டம், உயரமானது 7,672 மீட்டர். (அந்தப் பலகையில் பல வருஷமாக எழுதியிருந்த 18,380 அடி சரியில்லை. அளந்தவர்கள் சொல்வது 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குக் கொஞ்சம் கீழே. என் மாணவர்கள் யாராவது படித்தால் திருத்திக்கொள்ளட்டும்.) மூன்றாவதுதான் மனசுக்கு நிறைவானது. கார்கிலிலிருந்து சன்ஸ்கார் போகிற சாலையில் பென்சி லா கணவாய். அது காரகோரம் இல்லை, பெரிய இமயத்தைச் சேர்ந்தது. வண்டியை நிறுத்தி நாலடி நடந்தால் கீழே த்ராங் த்ருங் பனியாறு முழுக்க விரிந்து கிடக்கும், சுமார் 23 கிலோமீட்டர். வளைந்து இறங்குகிற அதன் முதுகில் நீளநீளமாகக் கல் கோடுகள் ஓடும். பாடப்புத்தகப் படம் அப்படியே உயிரோடு. மெட்ராஸ் வெயிலில் வளர்ந்த ஒரு சிநேகிதி அங்கே நின்று ஒரு வார்த்தையும் பேசாமல் அழுதுகொண்டிருந்தாள்.

இமயத்துப் பனியெல்லாம் உருகிவிடும் என்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் போவதால் இன்னும் கெடுமா? போகாமல் இருப்பதே நல்லதா?
*— ஒரு வாசகர், புதுச்சேரி*

இதை நீங்கள் கேட்டதற்கு நன்றி. முதல் பாதிக்குப் பதில் ஊருக்கு ஊர் மாறும். இமயத்தின் பெரும்பகுதியில் பனியாறுகள் சுருங்குகின்றன. காரகோரத்தின் நடுப்பகுதியில் மட்டும் பல பத்தாண்டுகள் பெரிதாகக் குறையவில்லை, சில முன்னேறக்கூடச் செய்தன. கென்னத் ஹெவிட் என்ற ஆய்வாளர் 2005-இல் இதைக் காரகோர முரண் என்று எழுதினார். மற்ற இடங்கள் கோடை மழைக்காலத்தை நம்பியிருக்க, காரகோரத்துக்குக் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வருகிற காற்று பனி கொட்டுவது ஒரு காரணம். அந்த நிலையும் இப்போது தளர்ந்து வருகிறது என்று புதிய அளவீடுகள் காட்டுகின்றன. பனியாறு முன்னேறுவதும் எப்போதும் நல்ல சேதி இல்லை. ஷியோக் ஆற்றுக்குக் குறுக்கே சோங் கும்தன் பனியாறு வந்து அடைத்து, பின்னால் ஏரி தேங்கி, 1929 ஆகஸ்டில் உடைத்துக்கொண்டு போனது. கீழே சிந்து வரை வெள்ளம்.

ஆனால் லடாக்கின் ஒரு கிராமத்துக்குச் சியாச்சின் தண்ணீர் தருவதில்லை. தலைக்கு மேலே ஓர் ஓடையின் உச்சியில் இருக்கிற சின்னப் பனித்திட்டுதான் அதற்குப் படியளக்கிறது, அவைதான் வேகமாகக் கரைகின்றன. பார்லி விதைக்க ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் வேண்டும், பனி நன்றாக உருகுவதோ ஜூனுக்கு மேல். இந்த இடைவெளியை அடைக்கத்தான் சேவாங் நோர்பெல் என்ற சிவில் இன்ஜினியர் ஓடைத் தண்ணீரைக் கல்தடுப்புகளில் தேக்கி உறையவிட்டுச் செயற்கைப் பனியாறுகள் அமைத்தார். 2015-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். லடாக்கின் இன்னொரு இன்ஜினியர் சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் இன்னொரு வழி ஆரம்பித்தார். மேட்டிலிருந்து குழாயில் தண்ணீரை இறக்கினால் தன் அழுத்தத்திலேயே பீச்சி அடிக்கும். கடுங்குளிரில் அது விழும்போதே உறைந்து கோபுரமாக வளரும். கூம்பு வடிவத்தில் வெயில் படுகிற பரப்பு குறைவு, அதனால் விதைப்புக்காலம் வரை தாங்கும். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

அப்படித் தண்ணீர் சேர்க்கிற ஊரில் நாம் போய் ஷவரைத் திறந்துவிட்டு நிற்கலாமா? எனக்கு மனசு வரவில்லை. அதனால் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன், போகிற விதத்தை மாற்றச் சொல்வேன். பெரிய ஓட்டலைவிட வீட்டோடு தங்குகிற ஹோம்ஸ்டே பாருங்கள். அங்கே உலர் கழிப்பறை இருக்கும். மாடியில் மண்தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண்வெட்டியும் மண்ணும். போனதும் ஒரு வெட்டு மண் தள்ள வேண்டும். கீழே அது எருவாகி வயலுக்குப் போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் செலவில்லை, நாற்றமும் இல்லை. முகம் சுளிக்காமல் பயன்படுத்துங்கள். குளியல் இரண்டு நாளுக்கு ஒரு முறை, அரை வாளி. தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். வீடுகளில் கொதிக்க வைத்த தண்ணீரைப் பிடித்துக்கொள்ளலாம். கொண்டு போன பிளாஸ்டிக்கைத் திருப்பித் தமிழ்நாட்டுக்கே கொண்டு வாருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், ஒரு கட்டைப்பை அளவுகூட வராது.

என் அண்ணன் ராணுவத்தில் சியாச்சினில் இருந்தவர். இப்போது உயிரோடு இல்லை. அவர் நின்ற இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. முடியுமா?
*— ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்*

அம்மா, அவர் நின்ற காவல்முனை வரை நம்மால் போக முடியாது. அந்த முனைகள் பல 5,500 மீட்டருக்கும் மேலே. பனியாற்றின் மேல் நாட்கணக்கில் கயிறு கட்டி நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் வீரர்களே போகிறார்கள். 1984 ஏப்ரல் 13 முதல் அங்கே நம் வீரர்கள் இருக்கிறார்கள். 2003 நவம்பரிலிருந்து துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது. அதற்கு முன்பும் பின்பும் குண்டைவிடக் குளிரும் பனிச்சரிவும் உயரமுமே அதிகம் பேரைக் கொண்டு போயின. 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சோனம் காவல்முனையில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆம் பட்டாலியன். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆறாம் நாள் அவர்களில் ஒருவரான ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள் என்று கேட்டு இந்த ஊரே கோயிலுக்கு ஓடியது. பிழைக்கவில்லை.

நீங்கள் போகக்கூடிய இடங்கள் உண்டு. லே விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ராணுவத்தின் ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சியாச்சினுக்கென்று ஒரு பகுதியில் அவர்கள் போடுகிற பூட்ஸ், உடுப்பு, கருவிகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். அப்புறம் நுப்ரா ஆற்றோரமாகவே பனமிக் தாண்டி வடக்கே வார்ஷி பக்கம் வரை போங்கள். அதற்கு மேல் பனியாற்றின் வாய்க்கருகே இருக்கிற ஆதார முகாமுக்குப் போவது அனுமதியைப் பொறுத்தது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புகிற வாரத்தில் லே மாவட்ட நிர்வாகத்தில் விசாரியுங்கள், அண்ணனின் பணி ஆவணத்தின் நகலும் ஆதாரும் கையில் இருக்கட்டும். முகாமில் இறந்தவர்களின் நினைவிடம் இருக்கிறது.

ஜூன் கடைசியில் போகப் பாருங்கள். சியாச்சின் என்பது அந்தப் பக்கத்துப் பால்ட்டி மொழிப் பெயர்: சியா என்றால் காட்டு ரோஜா, சென் என்றால் நிறைய. அந்த மாதத்தில் நுப்ராவின் கல்வேலி ஓரமெல்லாம் அந்தச் செடி இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும். மாதக்கணக்கில் வெள்ளையை மட்டும் பார்த்துவிட்டு இறங்கி வந்த உங்கள் அண்ணன், கோடையில் இறங்கியிருந்தால், இந்தப் பூவைத்தான் முதலில் பார்த்திருப்பார். ஒன்றைப் பறிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? போன் வேலை செய்யுமா? பிப்ரவரியில் போகலாமா?
*— மூன்று ஊர்களிலிருந்து*

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சோறு, பருப்பு, கம்பிர் ரொட்டி, காய்கறி போட்ட துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் எங்கேயும் கிடைக்கும். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் வீட்டுக்கு வீடு குக்கர்தான். நீங்களே சமைக்க நினைத்தாலும் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

நம் ஊர் பிரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது. போஸ்ட்பெய்டு இருந்தால் லேயிலும் பெரிய ஊர்களிலும் கிடைக்கும்.

பிப்ரவரி முதல் பயணத்துக்கு வேண்டாம். உயரமும் கடுங்குளிரும் இரண்டும் ஒரே நாளில் புதிதாக வந்தால் உடம்பு தவித்துப்போகும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம்.

ஹோம்ஸ்டே வீட்டுக்காரர்களுக்கு நம் ஊரிலிருந்து என்ன வாங்கிப் போகலாம்?
*— ஒரு வாசகி, நாகர்கோவில்*

எனக்குப் பிடித்த கேள்வி. நான் கொண்டு போவது உடன்குடிக் கருப்பட்டி.

ஷியோக் ஆற்றோரம் துர்துக் என்று ஒரு கிராமம். 1971 போரில்தான் இந்தியப் பக்கம் வந்தது, வெளியார் போக 2010-இல்தான் அனுமதித்தார்கள். பால்ட்டி பேசுகிற முஸ்லிம் மக்கள். ஊர் முழுக்கப் பாதாமி மரம், அதாவது ஆப்ரிகாட். முதல் முறை அங்கே தங்கிய வீட்டு அம்மாவிடம் ஓலைக் கொட்டானோடு கருப்பட்டியைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். கல்லா, மண்ணா என்று சைகையில் கேட்டார். திண்ணையில் குழி விழுந்த ஒரு கல் கிடந்தது, பாதாமிக் கொட்டை உடைக்கிற கல். அதில் வைத்து ஒரே தட்டு. சில்லை வாயில் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் வீட்டில் இருந்த மாமியார், மருமகள், குழந்தைகள் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒவ்வொரு சில்லு கொடுத்தார்.

மறுநாள் நான் கிளம்பும்போது கொட்டானைத் திருப்பித் தந்தார், வெறுமையாக இல்லை. உடைத்த பாதாமிப் பருப்பு நிரப்பி, மேலே உலர்ந்த பழம் பரப்பியிருந்தது. இன்னும் வேண்டுமா என்று நான் கேட்க நினைத்ததை அவர் முந்திக்கொண்டு, கொட்டானைத் தொட்டுக் காட்டி, அடுத்த தடவை இதைவிடப் பெரியதாகக் கொண்டு வரச் சொன்னார். போன வருஷம் இரண்டு கிலோக் கொட்டான் கொண்டு போனேன்.